கேட்க ஆள் வராத சர்வே: ஃபாரத்தை யார் நிரப்புவார்கள்?

2025 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், எல்லாரும் எஸ்.ஐ.ஆர். என்று சொன்னார்களே, அது நடந்துகொண்டிருந்த சமயம். பி.எல்.ஓ. அம்மா முந்தின நாளே வந்து ஆளுக்கு இரண்டு பிரதி ஃபாரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெரியம்மா அதை மடங்காமல் பஞ்சாங்கத்துக்குள் வைத்து, பஞ்சாங்கத்தை சாமி மாடத்தில் வைத்திருந்தார். "இன்னும் எழுதலையா பெரியம்மா?" என்றேன். "பக்கத்து வீட்டுப் பாப்பா காலேஜ் விட்டு வரட்டும்டா" என்றார்.

பெரியம்மாவின் ஃபாரம் சுலபமாக முடிந்துவிட்டது. மருமகளுடையதுதான் இழுத்தது. 2002, 2005 வாக்காளர் பட்டியலில் தன் பெயரோ, இல்லையென்றால் பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில் எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று எழுத வேண்டும். அவர் செஞ்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். 2002-இல் பள்ளிக்கூடப் பெண். செஞ்சியில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, தம்பி போனில் பழைய பட்டியலைத் தேடி, அப்பா பெயரில் எழுத்து மாறியிருந்ததைக் கண்டுபிடித்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, காலேஜ் பாப்பா அதைப் பார்த்து எழுதி, ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு தடவை சரிபார்த்து, கடைசியில் மருமகள் போட்டது கையெழுத்து மட்டும். அந்தச் சின்ன ஃபாரத்துக்கு நான்கு பேர் வேலை பார்த்தார்கள்.

அரசாங்கக் கணக்கில் இது "தானே நிரப்பிய படிவம்".

அன்றைக்கு ராத்திரி சென்னைக்குத் திரும்பும்போது விக்கிரவாண்டி பக்கமிருந்து வரும் வண்டிகளோடு வண்டியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துகொண்டே இதை யோசித்தேன். கேள்வி கேட்க ஆள் வராமல், ஜனங்களே பதில் எழுதிக் கொடுக்கும் சர்வேக்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆர்வம். ஐரோப்பிய சமூக சர்வே என்று ஒன்று இருக்கிறது. 2002 முதல் பல நாடுகளில் வீடு வீடாக ஆள் போய் எடுத்தது. கொரோனா நேரத்தில் ஆள் போக முடியாமல், பத்தாவது சுற்றில் ஒன்பது நாடுகள் தபால், இணையம் வழிக்கு மாறின. இப்போது மொத்த சர்வேயையும் அப்படியே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் நோய் மட்டும் இல்லை. செலவு ஏறிப்போச்சு, அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை, அடுக்குமாடிக் கதவுகள் திறப்பதில்லை.

நமக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்போது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவில் வீடுகளின் கணக்கு. ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோதான 30 நாளை எடுத்துக்கொள்ளும். அடுத்து 2027 பிப்ரவரியில் ஆட்களின் கணக்கு. வீடு வீடாக ஆள் வருவதற்கு முந்தின 15 நாளில், விரும்புகிறவர்கள் இணையத்தில் தாங்களே நிரப்பலாம். மொபைல் எண் கொடுத்து உள்ளே போய், வரைபடத்தில் வீட்டைக் காட்டி, வீட்டுக் கணக்கின் 33 கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஓர் அடையாள எண் வரும். கணக்கெடுப்பாளர் வரும்போது அதைக் கொடுத்தால் போதும். இந்தியாவில் இந்த வசதி இதுதான் முதல் தடவை.

சரி, நம்ம ஊரில் எத்தனை பேர் நிரப்புவார்கள்? எப்படிச் செய்தால் கூடுதலாக நிரப்புவார்கள்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வந்த பதில் நிறைய என்பதாலேயே சர்வே நல்லதாகிவிடாது. 1936 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை 1 கோடி மாதிரி வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தது. அதை வைத்து லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் என்று வசதியானவர்களின் முகவரிகளாகச் சேர்த்தது ஒரு தப்பு. அதற்குச் சமமான இன்னொன்று, அனுப்பியவர்களில் யார் மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்பது. பதில் போடாதவர்களும் பதில் போட்டவர்களும் ஒரே மாதிரி ஆட்கள் என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் பழைய பள்ளம். விழுப்புரத்தில் நாளைக்கே இணையத்தில் ஒரு சர்வே போட்டால் வருவது வாத்தியார்கள், ஐ.டி. பசங்க, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். அதை வைத்து மாவட்டத்துக்குத் தண்ணீர்த் திட்டம் போட்டால் எங்கே குழாய் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நானே பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அழகான ஃபார்ம், ஒரு சிஸ்டம் டிசைனுக்கு யோசிக்கிற மாதிரி யோசித்துச் செய்தது. நிரப்பியவர்கள் எல்லாம் மாடியில் சின்டெக்ஸ் வைத்திருப்பவர்கள். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கும் ஒருத்தர்கூட அந்தக் குழுவிலேயே இல்லை.

இப்போது ஆள் வந்து கேட்கும் சர்வேயைப் பிரித்துப் பார்ப்போம். அந்த ஆள் கேள்வி மட்டுமா கேட்கிறார்? கதவைத் தட்டுகிறார். "நான் இன்னார், இதுக்காக வந்திருக்கேன்" என்று நம்ப வைக்கிறார். வீட்டில் யார் பதில் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறார். புரியாத கேள்வியை நம்ம பாஷையில் உடைத்துச் சொல்கிறார். எழுதுகிறார். விட்டுப்போனதைத் திரும்பக் கேட்கிறார். ஆள் இல்லையென்றால் மறுநாள் வருகிறார். அவரை எடுத்துவிட்டு ஒரு தாளையோ லிங்கையோ வைத்தால் இந்த வேலைகள் எல்லாம் மறைந்துபோவதில்லை. வீட்டுக்காரர் தலையில் விழுகின்றன. அவர் அதைக் காலேஜ் பாப்பா தலையிலோ ஜெராக்ஸ் கடை தலையிலோ போடுகிறார். அப்படிப் போட ஆள் இல்லாத வீடு பதில் அனுப்பாது. அவ்வளவுதான் விஷயம்.

மொழிபெயர்ப்பு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பில் 'குடும்பம்' என்றால் ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாக வாழ்பவர்கள். நம்ம ஊரில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டு. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி இருப்பார்கள், இரண்டு அடுப்பு, ஒரு கார்டு. அல்லது ஒரே அடுப்பு, மகளிர் உரிமைத் தொகை மாதிரித் திட்டங்களுக்காகப் பிரித்துவைத்த இரண்டு கார்டு. நேரில் வரும் ஆள் "அடுப்பு தனியாம்மா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். தாளில் அச்சடித்த விளக்கத்தை யார் படிப்பார்கள்? ஆகவே தாளிலேயே கேள்வி "உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது, ஒவ்வொரு அடுப்பிலும் யார் யார் சாப்பிடுகிறீர்கள்" என்று இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கேள்வியைச் செந்தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிழையாக நிரப்பிவிட்டார்கள் என்று குறை சொல்வது நியாயமில்லை.

மேலைநாடுகளில் இதை ஐம்பது வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் டில்மன் 1978-இல் தபால், தொலைபேசி சர்வேக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால்: பதில் சொல்வது ஒரு கொடுக்கல் வாங்கல். கிடைப்பது தெரிய வேண்டும், ஆகும் சிரமம் குறைய வேண்டும், நடுவில் நம்பிக்கை இருக்க வேண்டும். இதற்கு மேல், எந்த வழி உண்மையிலேயே வேலை செய்கிறது என்று தபால் சர்வேக்களில் நடந்த 481 சோதனைகளைத் திரட்டி 2009-இல் ஒரு பெரிய மதிப்பாய்வு வந்தது. முன்கூட்டியே சொல்லி வைப்பது, கேள்வித்தாள் சுருக்கமாக இருப்பது, பெயர் போட்டு எழுதுவது, நினைவூட்டுவது, இவையெல்லாம் உதவுகின்றன. பணம் வைத்தால் பதில் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அதிலும் "நிரப்பினால் தருகிறோம்" என்பதைவிட, முதல் கடிதத்திலேயே சின்னத் தொகையை வைத்து அனுப்புவதுதான் எடுபடுகிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மொய் நோட்டு எழுதும் ஊர்க்காரனுக்கு இதை ஆராய்ந்தா சொல்ல வேண்டும்? கையில் வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. "நீங்க செய்ங்க, அப்புறம் நாங்க செய்றோம்" என்றால் யார் செய்வார்கள்? கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் வந்தால் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பிவிட்டு மறந்துவிடுவோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து வைத்தால் போயே ஆக வேண்டும்.

ஆனால் எல்லாமே அப்படியே பொருந்தாது. அதே மதிப்பாய்வில், பதிவுத் தபாலில் அனுப்பினால் பதில் கூடுகிறது என்று இருக்கிறது. நம்ம பக்கம் ரிஜிஸ்தர் தபால் என்றால் பேங்க் ஏல நோட்டீஸ் அல்லது வக்கீல் நோட்டீஸ். பெரியப்பா இருந்த காலத்தில் தபால்காரர் "ரிஜிஸ்தர் வந்திருக்கு" என்றால் அவர் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார். (2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். பயம் அப்படியேதான் இருக்கும்.)

இன்னொன்றும் பொருந்தாது. வீட்டுக்குக் கடிதம் அனுப்புகிறோம், வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள், யார் நிரப்ப வேண்டும்? ஆள் இருந்தால் அவர் பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுப்பார். ஆள் இல்லாத சர்வேயில் "அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவர் நிரப்பவும்" என்று போடுவார்கள். பிறந்தநாள் வருடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், அதனால் இது குலுக்கல் மாதிரி என்பது கணக்கு. நம்ம ஊரில் நாற்பது தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிதான் பலருக்குப் பிறந்த தேதி. ஆதாரில் வயது மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1. இந்தக் கடிதத்தை ஏப்ரலில் அனுப்பினால் பள்ளிக்கூடம் போன பெரியவர்கள் வந்து குவிவார்கள். டிசம்பரில் அனுப்பினால் பள்ளிக்கூடமே போகாத பாட்டிகள். மென்பொருளில் இதை மோசமான ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் என்போம். இதற்குப் பதில் ஃபாரத்திலேயே ஒரு எண்ணை அச்சடித்து, "வீட்டில் வயதில் மூத்தவரிலிருந்து எண்ணி மூன்றாமவர்" என்று தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். உடன்பிறப்புகளில் யார் மூத்தவர் என்பது தேதி தெரியாத வீட்டிலும் தெரியும். (உத்திரமேரூர் பக்கத்தில்தானே இருக்கிறது, குடவோலையை ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பீர்கள். அது ஓட்டு இல்லை, குலுக்கல். இந்த இடத்துக்குத்தான் பொருத்தம்.)

அப்புறம் எதிர்பார்ப்பு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டத்தில் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கையில் அட்டையும் பேனாவும் வைத்து யார் தெருவில் நடந்தாலும் முதல் கேள்வி, "எதுனா குடுப்பாங்களா?" என்பதுதான். இதில் தப்பு எதுவும் இல்லை. 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. எழுதத் தெரியாதவர்களும் நிரப்பினார்கள், நிரப்ப வைத்தார்கள். அதாவது நம்ம ஜனங்களுக்கு ஃபாரம் பிடிக்காது என்பது பொய். சர்வேயில் கிடைப்பது எதுவும் இல்லை என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். "இதை நிரப்பினால் எந்த உதவித்தொகையும் வராது, நிரப்பாவிட்டால் எதுவும் நிற்கவும் நிற்காது." பாதிப் பேர் தூக்கிப் போடலாம். மீதிப் பேர் சொல்வது உண்மையாக இருக்கும். இரண்டாவது தடவை போகும்போது கதவும் திறக்கும்.

சிரமம், கிடைப்பது ஆயிற்று. மூன்றாவது, நம்பிக்கை. இங்கேதான் விஷயம் எனக்கு ருசிக்கிறது.

நம் நாட்டு சர்வே மரபு ஆளை வைத்துக் கட்டியது. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, அதற்குப் பின்னால் மஹலநோபிஸ். அந்த ஆளே பதிலை மாற்றிவிடுவார் என்பது மஹலநோபிஸுக்கு அப்போதே தெரியும். அதனால்தான் ஒரே பகுதியைத் தனித்தனி மாதிரிகளாகப் பிரித்து, வெவ்வேறு குழுக்களை அனுப்பி, முடிவு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். சாப்பாடு, நிலம், மாடு பற்றிக் கேட்டால் ஆளால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் எத்தனை கம்பெனியில் இருக்கிறது, வீட்டுக்காரர் குடிக்கிறாரா, அடிக்கிறாரா என்று கேட்கும்போது? தெருவே சுற்றி நிற்கும். மாமியார் கதவு ஓரத்தில். கேட்பவர் பக்கத்து ஊர் ஆள், நாளைக்குச் சந்தையில் பார்க்க வேண்டியவர். அங்கே வரும் பதில் பதிலே இல்லை. ஆள் வராத சர்வேக்கு இதுதான் பெரிய நியாயம், செலவு மிச்சம் என்பது அதற்கு அடுத்துதான். யாருக்கும் தெரியாமல் சொல்லலாம்.

ஆனால் தெரியாமல் சொல்ல, எழுதத் தெரிய வேண்டும். 2011 கணக்கெடுப்பில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் (கள்ளக்குறிச்சி பிரியாதபோது) எழுத்தறிவு கிட்டத்தட்ட 72 சதவீதம். ஏழு வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் 28 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். யாரிடம் கேட்டால் கடனும் அடியும் தெரிய வருமோ, அவர்கள்தான் அந்த 28-இல் நிறையப் பேர். காலேஜ் பாப்பாவிடம் எழுதச் சொல்லலாம். சொன்னால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ரகசியமும் வேண்டும், உதவியும் வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று கொல்கிறது.

இந்த முடிச்சை இந்தியாவிலேயே ஒருதடவை அவிழ்த்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்தவர்கள் 'வாக்குச்சாவடி சர்வே' என்று ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். பத்துப் பன்னிரண்டு பேரை, ஆண் தனி பெண் தனியாக, ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். ஆளுக்கு ஒரு தடுப்பு அட்டை. தடுப்புக்குள்ளே பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பெட்டி. கையில் கேள்வி எண் போட்ட அட்டைகள். ஒருவர் கேள்வியை உரக்கப் படிப்பார். ஆம் என்றால் அந்த எண் அட்டையைப் பச்சையில் போட வேண்டும், இல்லை என்றால் சிவப்பில், எனக்குப் பொருந்தாது என்றால் வெள்ளையில். கடைசியில் எல்லார் அட்டையையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவார்கள். எந்த அட்டை யாருடையது என்று போட்டவருக்கே தெரியாது. நேருக்கு நேர் கேட்டதைவிட, வெளியே சொல்லக் கூசும் விஷயங்கள் இதில் கூடுதலாக வந்தன. 2012-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. குறையும் உண்டு. ஆம், இல்லை தவிர வேறு பதிலுக்கு இடமில்லை. மூன்றாம் கேள்விக்கு ஆம் சொன்னவர் ஏழாம் கேள்விக்கு என்ன சொன்னார் என்று இணைத்துப் பார்க்கவே முடியாது. என் மாதிரி டேட்டாபேஸ் ஆட்களுக்கு இது ப்ரைமரி கீ இல்லாத டேபிள். ஆனால் அந்தக் கீ இல்லாததுதான் அங்கே நம்பிக்கையே.

ஓட்டுச்சாவடி என்ற யோசனை ஏன் நமக்கு இவ்வளவு பொருந்துகிறது? இந்த நாட்டில், ஆள் பக்கத்தில் இல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தாங்களே நிரப்பும் மிகப் பெரிய படிவம் வாக்குச்சீட்டுதான். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சுகுமார் சென் தலைமையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். சீட்டைப் பெட்டியில் போட்டால் போதும், எழுத ஒன்றுமில்லை. அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்று மட்டும் சொல்லி, தன் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன, பெரும்பாலும் வட மாநிலங்களில். பதில் சொல்ல வைக்கத் தெரியாத ஃபாரத்தால் ஆட்கள் எப்படிக் காணாமல் போவார்கள் என்பதற்கு அதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டில் இரண்டு வேலை தனித்தனியாக இருக்கிறது, பார்த்தீர்களா. பூத் சிலிப் கொடுக்க, "போட்டாச்சா?" என்று கேட்க, பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப்போக ஆயிரம் பேர் வருவார்கள். தடுப்புக்குள்ளே ஒருத்தர்கூட இல்லை. அழைக்க ஆள் உண்டு, பார்க்க ஆள் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 கணக்கெடுப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான். வீட்டுக்கு ஒரு குறியீட்டு எண்ணோடு கடிதம், நிரப்பாதவர்கள் வீட்டுக்கு மட்டும் ஆள். 97 சதவீதப் பங்கேற்பு, நிரப்பிய வீடுகளில் 89 சதவீதம் இணையத்தில். அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயமாக இருந்தும் 2020-இல் தாங்களாகவே நிரப்பியது 67 சதவீத வீடுகள்தான். மீதிக்கு ஆள் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ஆள் வேண்டாம் என்று யாரும் ஜெயித்ததில்லை. ஆளுடைய வேலையை மாற்றியவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். (ஆஸ்திரேலியா 2016-இல் ஆகஸ்ட் 9 ராத்திரிக்கு எல்லாரையும் இணையத்துக்கு வரச் சொல்லிவிட்டு, தளம் விழுந்து ஏறக்குறைய 40 மணி நேரம் மூடிக் கிடந்தது. அழைப்பது வேறு, தாங்குவது வேறு. நம்மவர்கள் 15 நாள் கொடுத்திருப்பது நல்லது.)

இதை வைத்து விழுப்புரத்துக்கு என்ன செய்யலாம் என்றால், அழைக்கும் ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி. தபால் வருவதைவிட ஒழுங்காக நடப்பவை இவை. முதல் அழைப்பு அங்கே, நினைவூட்டல் அங்கே. ஆனால் ஃபாரத்தை நிரப்புவது அங்கே கூடாது. குழுத் தலைவி முன்னால் கடன் கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னால் தலைவிக்குப் பிடித்த பதில்தான் வரும். வீட்டுக்குக் கொண்டுபோய், படம் போட்ட, சுருக்கமான தாளில் குறியிட்டு, ஒட்டிய உறையில் திருப்பிப் போடலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப வந்து கேள்வியைப் பேச்சுத் தமிழில் சொல்லும் போன், ஆம் என்றால் 1. அந்த வேலையை என்னால் ஒரு வார இறுதியில் எழுதிவிட முடியும். 'உதவி செய்தவர்' என்று ஃபாரத்தில் ஒரு கட்டமும் வேண்டும். பாப்பா எழுதினார் என்றால் எழுதினார் என்று தெரிந்துகொள்வோமே, மறைக்க என்ன இருக்கிறது. எந்தக் கேள்விகளில் உதவியோடு எழுதியவர்களும் தனியாக எழுதியவர்களும் விலகுகிறார்கள் என்று பார்த்தாலே நிறையத் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு இருக்கும் ஆதங்கம் வேறு. 1948 சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் சொன்னதை யாரும் பார்வையிட முடியாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது என்கிறது. எவ்வளவு பெரிய வாக்குறுதி! இதை நான் இதுவரை எந்தச் சுவரிலும் படித்ததில்லை. எஸ்.ஐ.ஆர். முடிந்து தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்த கையோடு அடுத்த ஃபாரம் வருகிறது. "இதுல எழுதுனா எதுனா போயிடுமா?" என்று கேட்பவருக்கு இந்தப் பிரிவைத்தான் காட்ட வேண்டும். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், விழுப்புரம் ஜங்ஷனில், மாமண்டூர் டீக்கடைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடலாம்.

பொங்கலுக்குப் போனபோது பெரியம்மாவிடம் அந்த மூன்று பெட்டி விஷயத்தைச் சொன்னேன். தண்ணி விஷயத்துக்கு எங்கள் தெருவில் அப்படி ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பொட்டிய யாருடா தொறப்பாங்க?" என்றார்.

குழாயடியிலேயே, எல்லார் முன்னாடியும் கவிழ்த்து, சத்தமாக எண்ணலாம் என்று இருக்கிறேன். அட்டை வெட்டியாகிவிட்டது.